பக்கவாத ஊசிக்குப் பிறகு சிபிசி ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது?

தாராபுரம் பக்கத்தில் ஒருவருக்கு வாய் கோணி கை விழுந்துவிட்டால் கோயமுத்தூர் போய்ச் சேரவே கணிசமான நேரம் ஆகிவிடும், இடையில் யாராவது புறா ரத்தம் தேய்த்துப் பார்க்கலாம் என்று கிளம்பினால் கேட்கவே வேண்டாம். மூளை ரத்தக்குழாயை அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ரத்தக்கசிவு இல்லையென்று சிடி ஸ்கேனில் பார்த்துவிட்டால், பெரும்பாலானவர்களுக்குக் காத்திருந்து பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனை சர்க்கரை ஒன்றுதான், ஏனென்றால் சர்க்கரை அடியோடு இறங்கினாலும் பக்கவாதம் மாதிரியே தெரியும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கதை வேறு.

கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் ஊசி உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், மொத்தம் 90-ஐத் தாண்டக்கூடாது. அது நேராகக் கட்டியைக் கரைப்பதில்லை. நம் ரத்தத்திலேயே சும்மா கிடக்கும் பிளாஸ்மினோஜென் என்ற புரதத்தைப் பிளாஸ்மினாக மாற்றுகிறது, அதுதான் கட்டியைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைப்ரின் இழைகளை வெட்டுகிறது. வெட்டிய துண்டுகளில் ஒன்றுதான் டி-டைமர், அதனால் ஊசிக்குப் பிறகு அது ஏறியிருந்தால் உடனே பதற வேண்டியதில்லை.

சரி, சிபிசிக்கு, அதாவது ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனைக்கு வருவோம். நியூட்ரோஃபில், லிம்போசைட் இரண்டும் வெள்ளை அணு வகைகள், முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் விகிதம். நியூட்ரோஃபில் 80 சதவீதம், லிம்போசைட் 10 சதவீதம் என்றால் விகிதம் 8. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குப் பொதுவாக 1 முதல் 3-க்குள் இருக்கும். மூளையில் ஒரு பகுதி ரத்தமில்லாமல் சாகத் தொடங்கினால் சில மணி நேரத்திலேயே நியூட்ரோஃபில்கள் அங்கே ஓடுகின்றன, போன இடத்தில் எம்எம்பி-9 என்ற நொதியைக் கொட்டி ரத்தக்குழாய்ச் சுவரை இளக்குகின்றன. அடைப்பு திறந்து ரத்தம் பாயும் நேரத்தில் சுவர் இளகியிருந்தால் கசியத்தானே செய்யும்? இந்த ஊசிக்கு அங்கீகாரம் வாங்கித் தந்த 1995-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்விலேயே, ஊசி போட்டவர்களில் சுமார் 6 சதவீதம் பேருக்கு நிலைமையை மோசமாக்கும் மூளை ரத்தக்கசிவு வந்தது. இன்னொரு பக்கம், உடம்பு அதிர்ச்சியில் சுரக்கும் கார்டிசால் லிம்போசைட்டைக் குறைத்துவிடும், நோய்த்தொற்று எளிதாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒரு நாள் கழித்தும் விகிதம் ஏறியே இருப்பவர்கள் தேறுவது கடினமாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

ஆனால் இந்த எண்ணை வைத்து ஒருவருக்கு ஜோசியம் சொல்ல முடியாது. மூளையில் சேதம் பெரிதென்றால் எண் தானாகவே ஏறும், விழுங்க முடியாமல் புரையேறி நிமோனியா வந்தாலும் ஏறும், ஸ்டீராய்டு கொடுத்திருந்தாலும் ஏறும். சர்க்கரை விஷயத்திலும் இப்படித்தான் ஏமாந்தார்கள்: அதிக சர்க்கரையோடு வருகிறவர்கள் தேறுவது குறைவு, அப்படியானால் இன்சுலினைக் கொட்டி நன்றாக இறக்கிவிட்டால் தேறிவிடுவார்களா என்று 1,151 பேரிடம் சோதித்தார்கள், 2019-இல் முடிவு வந்தது, 90 நாள் கழித்துப் பார்த்தால் வழக்கமான சிகிச்சையைவிட எந்த லாபமும் இல்லை, சர்க்கரை ரொம்ப இறங்கிப்போகிற ஆபத்துதான் மிச்சம்.

அதனால் ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பி 'மாமா தேறிருவாருங்ளா' என்று கேட்பதைவிட, நேற்றைக்கு இன்றைக்குக் கை எவ்வளவு தூக்குகிறார், பேச்சு எப்படி என்று வார்டில் கேட்பதுதான் உருப்படியான கேள்வி. 24 மணி நேரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள், அதில் கசிவு இல்லையென்று உறுதியான பிறகுதான் வழக்கமாக ஆஸ்பிரின் ஆரம்பிப்பார்கள்.