ஐந்து வாள்வீரர்கள் ஏன் தோற்றார்கள்?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "லீவுல நாங்க அஞ்சு பேரு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடினோம். எல்லாருக்கும் வாள்வீரன்தான் பிடிச்சிருந்தது, அதையே எடுத்தோம். முதல் ரெண்டு சண்டை லேசா ஜெயிச்சாச்சு. மூணாவதுல அஞ்சு பேரும் காலி. பலசாலிங்க அஞ்சு பேரு சேர்ந்தா பலம் கூடத்தானே வேணும்?"

கூட்டல் கணக்கு போட்டால் கூடத்தான் வேண்டும். ஆனால் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கற்பனை எதிரிகளோடு சண்டை போடும் இந்த விளையாட்டில் ஓடுவது பெருக்கல் கணக்கு.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் இதை வெளியிட்டபோது மூன்றே வகைப் பாத்திரங்கள்தான்: வாள்வீரர், மந்திரவாதி, காயம் ஆற்றும் கிளெரிக். பூட்டைத் திறந்து பொறியைக் கண்டுபிடிக்கும் திருடன் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தான். பின்னால் வந்த கணினி விளையாட்டுகளில் முன்னால் நின்று அடி தாங்கும் டேங்க், காயம் ஆற்றும் ஹீலர் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

சரி, கணக்குக்கு வருவோம். எதிரி தாக்கும்போது 20 முகப் பகடையை உருட்டி, அவனுடைய திறன் எண்ணைக் கூட்டுகிறோம். கூட்டுத்தொகை உங்கள் கவச எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அடி விழும். எதிரியின் திறன் 4, உங்கள் கவச எண் 15 என்றால் பகடையில் 11 முதல் 20 வரை எது விழுந்தாலும் அடி. அதாவது 20க்கு 10. கவசத்தை 16 ஆக்கினால் 20க்கு 9. பத்து அடியில் ஒன்று மிச்சம், அவ்வளவுதான்.

இப்போது அதே ஒரு புள்ளியை ஏற்கனவே 23 கவச எண் உள்ளவருக்குக் கொடுங்கள். அவருக்கு 19, 20 ஆகிய இரண்டு முகங்களில்தான் அடி விழுந்துகொண்டிருந்தது. 24 ஆனதும் ஒரே முகம். விழும் அடி பாதியாகிவிட்டது! கொடுத்தது அதே ஒரு புள்ளி, பலன் மட்டும் ஐந்து மடங்கு. முதன்முதலில் இதைத் தாளில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருக்கிற கேடயம், மந்திர மோதிரம் எல்லாவற்றையும் ஐந்து பேருக்குப் பங்கு போடுவதைவிட ஒருவர் மேலேயே ஏற்றுவது ஏன் லாபம் என்பது இதில் தெரிகிறது. ஆனால் இந்த எதிரிக்கு எதிராக 24க்கு மேல் ஏற்றிப் பயனில்லை. பகடையில் 20 விழுந்தால் எந்தக் கவசமும் தாங்காது, விதி அப்படி.

இனி ஹீலரைக் கூட்டி வாருங்கள். அடி விழ விழக் குறையும் உயிர்ப்புள்ளியில் 12 அவருடைய ஒரு மந்திரத்தில் திரும்பக் கிடைக்கிறது, எதிரியின் ஒரு அடி 6 புள்ளி என்று வையுங்கள். கவச எண் 12 உள்ள மந்திரவாதிக்கு 20க்கு 13 அடி விழும்; அந்த 12 புள்ளி சராசரியாக மூன்று தாக்குதலிலேயே தீர்ந்துவிடும். கவசம் 22 உள்ள வீரருக்கு 20க்கு 3தான். அதே 12 புள்ளி பதிமூன்று தாக்குதல் வரை தாங்கும். கவசம் 24 என்றால் நாற்பது! ஹீலரின் மந்திரம் மாறவில்லை, வீரரின் கவசம்தான் அதைப் பெருக்கிக் கொடுத்தது. வீரர் தனியாக நின்றாலும் ஹீலர் தனியாக நின்றாலும் இந்தப் பெருக்கல் நடக்காது. மந்திரவாதி எதிரிகள் ஆறு பேரில் இரண்டு பேரைத் தூங்கவைத்தால் வரும் தாக்குதலே மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதையும் இந்தப் பெருக்கலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சந்தேகம் வரும்: எதிரிக்கும் மூளை உண்டே, கவசம் போட்டவரை விட்டுவிட்டு மந்திரவாதியை ஏன் அடிக்கக்கூடாது? அதனால்தான் இடம் முக்கியம். ஆரல்வாய்மொழிக் கணவாயை நினைத்துப் பாருங்கள். இரு பக்கமும் மலை, நடுவில் வழி. திருவிதாங்கூரின் கிழக்கு வாசலான அங்கே மதிலும் பீரங்கி மேடையும் கட்டி வைத்திருந்தார்கள். குகை வாசலில் உங்கள் கவச வீரர் நிற்க வேண்டியதும் அப்படித்தான்.

ஆனால் 1809 பிப்ரவரியில், திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாயின் எழுச்சியை அடக்க வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அந்த மதிலை நேராக முட்டவில்லை. ஒரு பிரிவு இரவோடு இரவாகத் தெற்கு மலையில் ஏறி உள்ளே வந்துவிட்டது. டேங்க் மட்டும் இருந்து, பக்கவாட்டைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் இதுதான் கதி. டிராகன் கக்கும் நெருப்பும் இதே ரகம். அது கவச எண்ணையே பார்ப்பதில்லை, விலகிக்கொள்ளும் சுறுசுறுப்பைத்தான் பார்க்கும்.

உங்கள் மூன்றாவது சண்டையிலும் பெரும்பாலும் இப்படி வேறு வேலைக்கு ஆள் இல்லாத குறைதான். முதல் இரண்டு சண்டைக் காயங்களை ஆற்ற ஆளில்லாமல், அரை உயிரோடு உள்ளே போயிருப்பீர்கள்.

பகடையை ஊதி உருட்டுவது, ராசியான பகடை என்று ஒன்றைத் தனியாக எடுத்து வைப்பது, மூன்று தடவை குறைவாக விழுந்ததால் அடுத்தது 20தான் என்று நம்புவது, இவற்றை எல்லாம் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முன்னால் என்ன விழுந்தது என்று பகடைக்குத் தெரியாது. ஒவ்வொரு முகத்துக்கும் நூற்றுக்கு ஐந்துதான் வாய்ப்பு. நம் பள்ளிகளில் நிகழ்தகவுப் பாடம் பெரும்பாலும் நாணயத்தைச் சுண்டுவதாகக் கற்பனை செய்துகொள்வதோடு முடிந்துவிடுகிறது. ஆய்வகத்துக்கு ஒதுக்கும் பணத்தில் வகுப்புக்கு ஒரு பை பகடை வாங்கிக் கொடுத்தால், பிள்ளைகள் கையால் உருட்டி எண்ணி இதைத் தெரிந்துகொள்வார்களே!

உங்கள் குழுவில் மூன்று வாள் போதும். அந்த மூவரில் ஒருவருக்கே எல்லாக் கவசத்தையும் கொடுங்கள். நான்காவது ஆள் கிளெரிக். ஐந்தாவது ஆள் மந்திரவாதியா திருடனா என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். திருடன் என்றால், குகைக்குள் நுழையும் முன் மலைப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.