'வாழ்ந்த அனுபவம்' தமிழாகுமா?

தக்கலையில் அண்மையில் நடந்த இல்லப் பராமரிப்புக் கூட்டம் ஒன்றின் அழைப்பிதழில், 'வாழ்ந்த அனுபவம் கொண்ட நபர்களின் ஈடுபாடு வரவேற்கப்படுகிறது' என்று அச்சிட்டிருந்தார்கள். ஆய்வுப் படிவங்களிலும் பயிற்சிக் கையேடுகளிலும் இந்தத் தொடரைப் பலமுறை கண்டும் பேசாமல் கடந்து வந்தவன்தான் நான். பக்கவாதத்தில் விழுந்த கணவரை ஆண்டுக்கணக்கில் பார்த்துவரும் ஓர் அம்மா, அழைப்பிதழ் தந்த இளம்பெண்ணிடம் "அப்பம் நான் இப்பம் வாழல்லியா மக்களே?" என்று கேட்ட பிறகு, பேசாமல் இருக்க இயலவில்லை.

இது 'lived experience' என்ற ஆங்கிலத் தொடரின் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. அந்த ஆங்கிலத் தொடரின் வேர் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மெய்யியலாளர் டில்தேய் கையாண்ட 'எர்லேப்னிஸ்' என்ற சொல்லோடு உறவுடையது. அச்சொல்லுக்குள் வாழ்தலைக் குறிக்கும் வினை இருக்கிறது. நோய், உடற்குறை, வறுமை ஆகியவற்றைத் தாமே கடந்தவர்களுக்குப் பராமரிப்பிலும் ஆய்விலும் முடிவெடுக்கும் இடம் வேண்டும் என்ற கோரிக்கையோடு ஆங்கிலத் தொடர் இன்று வழங்குகிறது.

நமக்கு இடிப்பது 'வாழ்ந்த' என்ற பெயரெச்சம். 'உழுத நிலம்' என்றால் நிலத்தை ஒருவர் உழுதார் என்று பொருள். 'வாழ்ந்த வீடு' என்றால் வீட்டில் ஒருவர் வாழ்ந்தார். 'வாழ்ந்த அனுபவம்' என்னும்போது, அனுபவத்தை வாழ்ந்தாரா, அனுபவத்தில் வாழ்ந்தாரா, அல்லது அனுபவமே வாழ்ந்ததா? தமிழில் அனுபவத்தை அடைவார்கள், பெறுவார்கள், வாழ்வதில்லை. போதாக்குறைக்கு, 'வாழ்ந்த குடும்பம்', 'வாழ்ந்து கெட்டவர்' என்ற வழக்குகளால் 'வாழ்ந்த' என்றதுமே முடிந்துபோன நல்வாழ்வு ஒன்று காதில் ஒலிக்கிறது. அந்த அம்மாவுக்கு ஒலித்ததும் அதுதான். 'வாழ்வனுபவம்' என்று திருத்துவோரும் உண்டு. அதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வாழ்வனுபவம் இல்லாத மனிதர் யார்? சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை போய்வருபவரின் தனி அறிவை அந்தச் சொல் எல்லோருடைய அறிவோடும் கலந்து நீர்த்துப்போகச் செய்கிறது. 'அனுபவம்' வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. குமரியின் எந்தக் கடைத்தெருவிலும் அது வாழும் சொல்தான். வரிக்கு வரி ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் நிரப்புவதையே மொழிபெயர்ப்பு என்று நினைப்பதைத்தான் தள்ளுகிறேன்.

இத்தனைக்கும் கையிலேயே ஒரு சொல் இருக்கிறது: பட்டறிவு. படு என்ற வினையின் இறந்தகால எச்சமான 'பட்டு' என்பதோடு அறிவு சேர்ந்தது. படிப்பறிவுக்கு எதிரே நிறுத்தி நம் பாட்டிமாரும் வழங்கிய சொல். 'பட்டறி, கெட்டறி, பத்தெட்டு இறுத்தறி' என்ற பழமொழியும் அதே வினையில் நிற்கிறது. அந்த அறிவு உடையவரைப் பட்டறிவாளர் என்பதில் தயக்கமில்லை.

படு என்றால் துன்பம்தானே, மாற்றுத்திறனாளிகளை எப்போதும் துன்பப்படுவோராகக் காட்டலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பெருமைப்படுவதும் ஆசைப்படுவதும் கண்ணில் படுவதும் இதே வினைதான். குளச்சல் கடற்கரையில் மீன்பாடு எப்படி என்று கேட்பவர் துன்பத்தை விசாரிப்பதில்லை, வலையில் பட்டதைத்தான் விசாரிக்கிறார்.

'ஈடுபாடு' இன்னொரு தொல்லை. இசையில் ஈடுபாடு, பக்தியில் ஈடுபாடு என்பது மனத்தின் நாட்டம். பட்டறிவாளர்களிடம் கேட்கப்படுவது நாட்டமா? 2007இல் இந்தியா ஏற்புறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை, அவர்களைப் பற்றிய சட்டங்களையும் கொள்கைகளையும் வகுக்கும்போது அவர்களோடு நெருங்கிக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல மறுஆய்வு வாரியத்தின் ஆறு இடங்களில் இரண்டை மனநோய்க்கு ஆளானவர்கள், பராமரிப்போர், அவர்கள் சார்பான அமைப்பினர் ஆகியோருக்கு ஒதுக்குகிறது. இடம் பெறுவதைப் பங்கு என்றும், சேர்ந்து தீர்மானிப்பதைக் கலந்து முடிவெடுத்தல் என்றும் சொல்லிவிடலாம்.

'பட்டறிவாளர்களோடு கலந்து முடிவெடுக்கும் கூட்டம்' என்று அந்த அழைப்பிதழில் இருந்திருந்தாலும் அந்த அம்மா கேள்வி கேட்டிருப்பார். வீட்டுக்கு வரும் செவிலியர் ஏன் மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வருகிறார் என்று கேட்டிருப்பார்.