அடையாள அட்டை இலக்கத்துக்குள் ஒரு பிறந்த திகதி

யாழ்ப்பாணத்தில் சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கமொன்றில் வேலை செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் சங்கத்துக்குத் தரவு ஆளுகைக் கொள்கை ஒன்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கடன் விபரங்களை ஆய்வுக்குக் கேட்கிறார். பெயரையும் முகவரியையும் அழித்துவிட்டு எக்செல் கோவையைக் கொடுத்தால் போதும்தானே?”

போதாது. அடையாள அட்டை இலக்கம் இருக்கும் நிரலை அவர் அழிக்கவில்லை.

கொள்கையின் கட்டமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு தரவுப் பதிவேடு. அங்கத்தவர் பட்டியல், கடன் பேரேடு, சம்பளப் பட்டியல், பிணையாளிகளின் அட்டைப் பிரதிகள் கிடக்கும் அலுமாரி, வட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த படங்கள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரை. என்ன தரவு, எதற்காக எடுத்தோம், எங்கே இருக்கிறது, யார் பார்க்கலாம், வெளியே யாருக்குப் போகிறது, எப்போது அழிப்போம் என்பவற்றை அதில் நிரப்ப வேண்டும். பொறுப்பாளர் என்ற இடத்தில் ‘அலுவலகம்’ என்று எழுதினால் ஒருவரும் பொறுப்பில்லை என்றாகிவிடும். ஒரு பதவியை எழுதுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் சாரமும் இதுதான்: சொன்ன நோக்கத்துக்கு மட்டும், தேவையான அளவு மட்டும், தேவையான காலம் மட்டும். வங்கியொன்றின் நாற்பது பக்கக் கொள்கையைப் பார்த்து எழுதி, பணிப்பாளர் சபையில் நிறைவேற்றி, இறாக்கையில் வைப்பதால் ஒரு பயனும் இல்லை. நல்ல கொள்கை நிரல் நிரலாகப் பேசும்.

இனி அந்த ஒரு நிரலைப் பார்ப்போம். பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டப்படும். பிறகு மூன்று இலக்கத் தொடரெண், ஒரு சரிபார்ப்பு இலக்கம், கடைசியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’. ஆகவே 86570 என்று தொடங்கும் இலக்கத்தைக் கண்டால், 570இலிருந்து 500ஐக் கழியுங்கள். 1986இன் எழுபதாவது நாளில் பிறந்த பெண். பெயரில்லாத கோவையில் வயதும் பாலும் பிறந்த திகதியும் அப்படியே இருக்கின்றன.

எழுபதாவது நாள் எது? இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இந்த இலக்கம் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரியை 29 நாளாகவே எண்ணுகிறது. ஜனவரி 31, பெப்ரவரி 29, சேர்ந்து 60. எனவே 70 என்பது மார்ச் 10. ஆனால் 1986 லீப் ஆண்டு அல்ல. எக்செலில் வழமையான நாட்கணக்குப் போட்டால் மார்ச் 11 என்று வரும். லீப் அல்லாத ஆண்டுகளில் மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் பிழைக்கும். படிவத்தில் எழுதிய திகதியோடு ஒத்துப்பார்க்கும்போது நூற்றுக்கணக்கான ‘பிழைகள்’ தோன்றினால், அங்கத்தவரைக் குறைசொல்ல முன் உங்கள் சூத்திரத்தைப் பாருங்கள்.

2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கம் பன்னிரண்டு இலக்கம் கொண்டது: ஆண்டு நான்கு, நாள் மூன்று, தொடரெண் நான்கு, சரிபார்ப்பு ஒன்று. பழையதைப் புதிய வடிவில் எழுத, முன்னால் 19 சேர்த்து, தொடரெண்ணுக்கு முன் ஒரு பூச்சியம் போட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் சரி. இதைக் கொள்கையில் எழுதாவிட்டால், சேமிப்புப் புத்தகத்தில் பழைய இலக்கமும் கடன் விண்ணப்பத்தில் புதிய இலக்கமும் கொடுத்த ஒரே ஆள் இரண்டு அங்கத்தவராகக் கணக்கில் நிற்பார். எக்செல் பன்னிரண்டு இலக்க எண்ணைத் தானாகவே அடுக்குக்குறி வடிவத்துக்கு (1.98E+11 போல) மாற்றிக் காட்டும்; அப்படியே சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோவை, ஆகச் சேமித்தால் பின் இலக்கங்கள் போய்விடும், மீட்கவும் முடியாது. தட்டச்சுத் தொடங்க முன்பே அந்த நிரலை ‘எழுத்து’ வகைக்கு மாற்றிவிடுங்கள்.

கணினி தெரிந்த ஒருவர், “இலக்கத்தை ஹாஷ் செய்துவிட்டால் சரி” என்று சொல்லக்கூடும். ஷா-256 போன்ற ஹாஷ் சார்பு எதைக் கொடுத்தாலும் ஒரே நீளமுள்ள, அர்த்தம் புரியாத எழுத்துக்கோவையாக மாற்றும். அதிலிருந்து பின்னோக்கிப் போக முடியாது என்பது உண்மை. ஆனால் பின்னோக்கிப் போகவே தேவையில்லை! இருக்கக்கூடிய இலக்கங்கள் அத்தனையையும் முன்னோக்கி ஹாஷ் செய்து, கோவையில் உள்ளதோடு ஒப்பிட்டால் முடிந்தது. எத்தனை இலக்கங்கள்? ஓர் ஆண்டுக்கு 366 நாள், பால் இரண்டு, தொடரெண் ஆயிரம், சரிபார்ப்பு பத்து: 73 இலட்சத்து 20 ஆயிரம். 1940 முதல் 1999 வரை அறுபது ஆண்டுக்கு 43 கோடியே 92 இலட்சம். இரண்டு எழுத்தையும் சேர்த்தால் 87 கோடியே 84 இலட்சம். செக்கனுக்குப் பத்து இலட்சம் ஹாஷ் என்று வைத்தால், சாதாரண மடிக்கணினிக்குக் கால் மணித்தியாலம் போதும். கைப்பேசி இலக்கம் இன்னும் மோசம்: 07க்குப் பிறகு எட்டு இலக்கம்தான், இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஹாஷின் பலம் சார்பில் மட்டும் இல்லை, உள்ளே போகும் எண்கள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதிலும் இருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த உண்மை இது.

சிறிய சங்கத்துக்கு ஹாஷ் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆய்வு இலக்கம் கொடுங்கள். எந்த இலக்கம் யாருக்கு என்ற இணைப்புப் பட்டியல் வேறு கணினியில், கடவுச்சொல்லோடு இருக்கட்டும். அங்கத்துவ இலக்க வரிசையிலேயே 1, 2, 3 என்று போடக்கூடாது, வரிசையே காட்டிக்கொடுத்துவிடும். எழுமாறாக நிரைகளைக் குலுக்கிய பிறகு இலக்கமிடுங்கள். நிரலை மறைத்து வைப்பது அழிப்பதல்ல. பிவற் அட்டவணை (எக்செல் தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) உள்ள கோவையில் மூலத்தரவின் பிரதி உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். எனவே வேண்டிய பெறுமதிகளை மட்டும் புதிய கோவையில் ஒட்டி அதையே கொடுங்கள்.

அத்தோடும் முடியவில்லை. கணினித்துறை ஆய்வாளர் லதான்யா சுவீனி, 1990களில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸில் பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மருத்துவத் தரவை 20 டொலருக்கு வாங்கிய வாக்காளர் பட்டியலோடு பொருத்தி, ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவைக் கண்டுபிடித்தார். அவர் பயன்படுத்தியவை பிறந்த திகதி, பால், தபால் குறியீடு, இவ்வளவுதான். நெடுந்தீவின் ஒரு கிராம சேவகர் பிரிவில் 61 வயதான, விதவையான, படகு திருத்தக் கடன் எடுத்த பெண் எத்தனை பேர் இருப்பார்கள்? ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். ஆகவே வயதை ஐந்தைந்து ஆண்டாகத் தொகுங்கள். யாழ் மாவட்டத்தின் 435 கிராம சேவகர் பிரிவுகளுக்குப் பதில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளைக் கொடுங்கள். பிறகு வயது, பால், இடம் மூன்றையும் சேர்த்து எண்ணிப்பாருங்கள். ஐந்து பேருக்குக் குறைந்த தொகுதி ஏதும் வந்தால் அதைப் பக்கத்துத் தொகுதியோடு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நீக்க வேண்டும்.

செய்வினைக்குப் பயந்து சாதகக் குறிப்பை அலுமாரியில் பூட்டி வைக்கிறோம். அதே பிறந்த திகதியை அட்டைப் பிரதியாகப் பிரதியெடுக்கும் கடையிலும் கவுண்டரிலும் கேட்டவுடன் நீட்டுகிறோம். சாதகத்தால் ஒருவருக்கும் கேடு வராது. உங்கள் பெயரில் வேறு யாரோ எடுக்கும் கடனால் வரும். ஆய்வு மானியம் கொடுப்பவர்களும் தரவைத் துப்புரவாக்கும் ஆளுக்கென ஒரு தொகை ஒதுக்க வேண்டும். சங்கத்தின் இலிகிதர் வேலை முடிந்த பின் சம்பளமில்லாமல் செய்யக்கூடிய வேலை இல்லை இது.

மாணவரிடம் எழுத்தில் உடன்பாடு வாங்குங்கள்: என்ன நோக்கம், யார் பார்ப்பார்கள், எந்தத் திகதியில் அழிப்பார், வேறு தரவோடு பொருத்தமாட்டார் என்பவை அதில் இருக்க வேண்டும். பழைய கோவையை ஏற்கெனவே கொடுத்திருந்தால் திருப்பி வாங்கி, அழித்ததாகக் கையொப்பம் பெற்று, பதிவேட்டில் சம்பவமாக எழுதுங்கள். ஆய்வு முடிந்ததும் இணைப்புப் பட்டியலை இருவர் முன்னிலையில் அழியுங்கள். காப்புக்கு எடுத்து வைத்த பென்ட்ரைவிலும் அதே பட்டியல் இருக்கும், அதையும் சேர்த்து.