அண்ணப் பிளவா? ரோபோவுக்குக் காத்திருக்காமல் கடிதத்தை வாங்குங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட லயத்தில், அண்ணம் (மேல்வாய்) பிளந்தே பிறந்ததால் மூக்கு வழியே பால் வழிந்த கைக்குழந்தையைத் துடைத்துக்கொண்டே ஒரு தாய் கைப்பேசியை நீட்டினார். வாய்க்குள் ரோபோ கை நுழைந்து அண்ணத்தைத் தைக்கும் வீடியோ. "அண்ணே, இது நம்ம ஆஸ்பத்திரியில உண்டா? எத்தனை வெள்ளி ஆகும்?"

ரோபோ தானாகத் தைப்பதில்லை. சற்றுத் தள்ளி உட்கார்ந்து மருத்துவர் கைப்பிடியை அசைக்க, கருவி வாய்க்குள் அசையும். பெல்ஜியத்தில் 10 குழந்தைகளுக்கு இப்படிச் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. கையால் தைப்பதைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது. பெரியவர்களுக்காகச் செய்த கருவிக்குப் பிஞ்சு வாய் போதாது. எங்கும் வழக்கம் கையால் தைப்பதுதான். அதையும் பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். தள்ளிப்போட்டால் பேச்சு மூக்கு வழியே ஒலிக்கக்கூடும்.

அந்தச் சிகிச்சை குடிமக்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் மலிவு. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) மிஸ்ஸியிடம் (தாதியிடம்) குழந்தையின் வாயைத் திறந்து காட்டி, நிபுணரைப் பார்க்க சூராட் ருஜுக்கான், அதாவது பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அந்த அரசாங்கக் கடிதத்தோடு போனால் நிபுணரிடம் முதல் வருகை இலவசம், பிறகு தடவைக்கு 5 வெள்ளி. தனியார் கிளினிக் கடிதம் என்றால் முதல் வருகைக்கே 30 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 வெள்ளி. அறுவைச் சிகிச்சைக்குத் தனிக் கட்டணம் உண்டு. கையில் இல்லையென்றால் ஆஸ்பத்திரியின் சமூகநலப் பிரிவைக் கேட்கலாம். கேட்க வெட்கப்பட்டு உதவியை வாங்காமல் விடாதீர்கள்.

இந்தக் கட்டணமெல்லாம் பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் என்றிருந்தால்தான்; இல்லாவிட்டால் வெளிநாட்டவர் கட்டணம் விழலாம், அது பல மடங்கு. தீபகற்ப மலேசியாவில் 60 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். தாய் வெளிநாட்டவராக இருந்து, கல்யாணமும் பதியப்படாமல் இருந்தால் குழந்தையின் குடியுரிமையே சிக்கலாகும். கோயிலில் தாலி கட்டியது போதாது, பதிவு இலாகா தாள் வேண்டும்.

கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது என்று பாட்டி சொல்லுவார். விடுங்கள். பாலை மட்டும் கவனியுங்கள்: குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, அழுத்தினால் பால் வரும் மென்மையான புட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக. காதில் நீர் கோத்துக்கொள்வதும் சகஜம் என்பதால் காதுப் பரிசோதனையும் கேளுங்கள்.

தைத்த பிறகும் பேச்சு தெளியவில்லை என்றால் பேச்சுப் பயிற்சி, அதற்கும் மேல் பேச்சுக் குறைபாட்டுக்கான ஓகேயு (மாற்றுத்திறனாளி) கார்டு. அந்த வகைக்கு 5 வயதுக்குப் பிறகே மதிப்பீடு செய்வார்கள். அதற்கு முன் விண்ணப்பப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு சமூகநல இலாகாவுக்கு அலைய வேண்டாம்.