இறப்பு வீதம்: ‘விகிதம்’ என்று எழுதுவோர் கவனத்துக்கு

சென்ற மாதம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வரி: “2023-இல் அமெரிக்க இளம் பெரியவர்களின் இறப்பு விகிதம் 70 சதவீதம் ஆகும்.” பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். பத்துப் பேரில் ஏழு பேர் ஒரே ஆண்டில் செத்திருந்தால் அந்த நாட்டில் பிணம் தூக்கவே ஆள் மிஞ்சியிருக்காது.

மூலத்தைத் தேடிப் படித்தேன். 25 முதல் 44 வயது வரை உள்ளவர்களின் இறப்பை 1999-இலிருந்து 2023 வரை ஒப்பிட்டு 2025-இல் வெளியான ஆய்வு அது. 2011-க்கு முந்தைய போக்கே தொடர்ந்திருந்தால் 2023-இல் எவ்வளவு இறப்பு இருந்திருக்குமோ, அதைவிட 70 சதவீதம் கூடுதலாக இருந்தது என்றுதான் அதில் சொல்லியிருக்கிறார்கள். மொழிபெயர்த்தவர் சோம்பேறி இல்லை. மற்ற பக்கங்களை ஒழுங்காகவே செய்திருக்கிறார். அவர் காலை வாரியது ‘இறப்பு விகிதம்’ என்ற சொல். அதை இனியும் சும்மா விடுவதாக இல்லை.

‘இறப்பு’ பற்றி எனக்கு வழக்கு எதுவும் இல்லை. இறத்தல் என்றால் கடந்துபோதல். இறந்தகாலம் என்பது கடந்துபோன காலம். மரணம், சாவு, உயிரிழப்பு எல்லாவற்றையும்விடக் கணக்குப் புத்தகத்துக்கு ஏற்ற, உணர்ச்சி கலவாத சொல். சிக்கல் அதன் வாலில் இருக்கிறது.

இறப்புக்குப் பின்னால் நாம் ‘விகிதம்’ போடும் இடத்தில் ஆங்கிலத்தில் நிற்பது ‘ரேட்’; விகிதத்துக்கு அங்கே ‘ரேஷியோ’ என்று தனிச்சொல் உண்டு. இரண்டும் கணக்கிடுதல் என்னும் பொருளுள்ள ஒரே லத்தீன் வினைச்சொல்லில் பிறந்த அக்காள் தங்கைகள். நம் ‘விகிதம்’ விதிக்கப்பட்டது, வகுக்கப்பட்டது என்ற பொருள் தரும் வடசொல் வழி வந்தது. ‘வீதம்’ அதே சொல் நாவில் தேய்ந்த வடிவம் என்று கொள்ள இடமுண்டு. ஆகவே தூய்மை பேசி இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. பிறப்பைப் பார்க்காமல் பிழைப்பைப் பார்க்க வேண்டும்: இரண்டு சொல்லும் இன்று தமிழில் என்ன வேலை செய்கின்றன?

இட்லிக்கு அரிசியும் உளுந்தும் நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஊறவைக்கிறோம். அங்கே இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன; ஒன்றை மற்றொன்றால் அளக்கிறோம். பந்தியில் ஆளுக்கு இரண்டு இட்லி வீதம் வைக்கிறோம். அங்கே ஒவ்வோர் அலகுக்கும் இத்தனை என்று பகிர்ந்து செல்கிறது. ‘நாளுக்கு மூன்று மாத்திரை வீதம்’ என்றால் காலமும் உள்ளே வந்துவிடுகிறது. பந்தியில் ‘ஆளுக்கு இரண்டு விகிதம் வை’ என்று சொல்லிப் பாருங்கள், இலை போட்டவர் நிமிர்ந்து பார்ப்பார்.

மக்கள்தொகைக் கணக்கில் ‘ரேட்’ என்பது இந்தப் பந்திக் கணக்குதான்: இத்தனை பேருக்கு, இத்தனை காலத்தில், இத்தனை இறப்பு. அமெரிக்காவில் 25–34 வயதினரில் 2019-இல் ஒரு லட்சம் பேருக்கு 128.8 வீதம் இறந்தார்கள். 2021-இல் அது 180.8. 2023-இல் 148.1. அடுத்த பத்தாண்டுப் பிரிவான 35–44 வயதினரிடம் இதே ஆண்டுகளில் 199.2, 287.9, 237.3. இந்த எண்களை வாக்கியத்தில் வைக்கும்போது ‘வீதம்’ தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது, கவனித்தீர்களா? யாரும் அதை அங்கே இழுத்துவந்து கட்டவில்லை.

எண்ணிக்கையை விட்டு வீதத்தைப் பார்ப்பது ஏன் என்பதும் இங்கே விளங்கும். ஒரு தலைமுறையில் பிள்ளைகள் அதிகம் பிறந்திருந்தால் முப்பது ஆண்டு கழித்து முப்பது வயதுக்காரர்கள் அதிகம். சாவு எண்ணிக்கையும் அதற்கேற்பக் கூடும். அதனால் ஊர் கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது. எத்தனை பேருக்கு எத்தனை என்று வகுத்த பிறகுதான் 2010-ஐயும் 2023-ஐயும் பக்கத்தில் வைக்கலாம். அப்படி வைத்தால் தெரிவது வேதனையானது. கொரோனா வருவதற்கு முன்பே அந்த நாட்டில் இந்த வயதினரின் வீதம் ஏறத் தொடங்கியிருந்தது. ஃபென்டனில் போன்ற போதைப்பொருள்கள், குடி, சாலை விபத்து எல்லாம் சேர்ந்து இழுத்துக்கொண்டு போயின. கொரோனா அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. அது இறங்கிய பிறகும் வீதம் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 1990-களின் நடுவில் இதே 25–44 வயதினரை அதிகம் கொன்றது எய்ட்ஸ்; 1996-க்குப் பிறகு கூட்டு மருந்துகள் வந்ததும் அந்த வீதம் மளமளவென்று சரிந்தது. இவ்வளவு கதையையும் ஓர் எண் வரிசை சொல்கிறது என்றால், அந்த எண்ணின் பெயராவது ஒழுங்காக இருக்க வேண்டாமா?

‘விகிதம்’ என்று எழுதுவோரின் வாதம் ஒன்றே ஒன்று: எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், பாடநூலிலும் அப்படித்தான் இருக்கிறது. சரி, பாடநூலுக்கே வருகிறேன். பெண்களின் மகப்பேற்று இறப்பை அளக்க இரண்டு கணக்குகள் உண்டு. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு எத்தனை தாய்மார் இறந்தார்கள் என்பது ஒன்று. ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் ‘ரேஷியோ’. 15–49 வயதுப் பெண்கள் இத்தனை பேருக்கு எத்தனை மகப்பேற்று இறப்பு என்பது மற்றொன்று, இது ‘ரேட்’. முதலாவதில் கீழே பிறப்புகள், இரண்டாவதில் கீழே பெண்கள். பிள்ளைப்பேறு குறைந்தால் முதலாவது அசையாமல் இருக்க, இரண்டாவது இறங்கலாம். இரண்டையும் ‘மகப்பேறு இறப்பு விகிதம்’ என்று எழுதிவிட்டால் மாணவர் எதை எழுதுவார், ஆசிரியர் எதற்கு மதிப்பெண் போடுவார்? முன்னதை விகிதம் என்றும் பின்னதை வீதம் என்றும் வைத்தால் ஒரு குழப்பமும் இல்லை. பாலின விகிதம் விகிதமாகவே இருக்கட்டும். அதில் ஆணும் பெண்ணும் அரிசியும் உளுந்தும் போலத்தான் நிற்கிறார்கள்.

கொரோனாக் காலத்தில் கெடுதல் இன்னும் ஆழமாக வேரூன்றியது. தொற்று உறுதியானவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கையும் நாளிதழ்கள் ‘இறப்பு விகிதம்’ என்றே தினமும் எழுதின. இந்தியாவில் அது 1 சதவீதத்தைச் சற்றுத் தாண்டி நின்றது. அந்தக் கணக்கு உண்மையில் ஒரு முழுமையின் பகுதி. அதைச் சதவீதத்தில் சொல்வது சரி. ஆனால் இரண்டு ஆண்டுகள் காலையும் மாலையும் கேட்டுக் கேட்டு, இறப்பு விகிதம் என்றாலே பின்னால் சதவீதம் வர வேண்டும் என்று கைக்குப் பழகிவிட்டது. என் மொழிபெயர்ப்பாளர் 70-ஐப் பார்த்ததும் எழுதியது அந்தப் பழக்கத்தில்தான். உண்மையில் 128.8 என்பதைச் சதவீதமாக்கினால் 0.13 கூட வராது.

இன்னொரு பக்கமிருந்து தனித்தமிழ் அன்பர்கள் வருகிறார்கள். விகிதமும் வேண்டாம், வீதமும் வேண்டாம், ‘இறப்புத் தகவு’ என்போம் என்கிறார்கள். காதுக்கு இனிமைதான். தகவு என்றால் தகுதி, நடுவுநிலை. ‘தக்கார் தகவிலர்’ என்று குறள் பேசுவது அந்தப் பொருளில். பிற்காலத்தில் அதை விகிதத்துக்கு ஈடாக்கினார்கள். அதோடு நிற்காமல் ‘நிகழ்தகவு’ பள்ளிக் கணக்கில் நிலைத்துவிட்டது. ஒன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பது அதன் பொருள். இனி இறப்புத் தகவு என்றால் இறப்பதற்கான வாய்ப்பு என்றே படித்த பிள்ளைக்குத் தோன்றும். அப்படி ஓர் அளவு தனியாகவே இருக்கிறது: 15 வயதை எட்டிய ஒருவர் 60-ஐத் தொடுமுன் இறப்பதற்கான வாய்ப்பு. உலக நாடுகளின் வயது வந்தோர் இறப்பை ஒப்பிடப் பெரும்பாலும் இதைத்தான் எடுப்பார்கள். வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலத்தில் இதையும் ‘ரேட்’ என்றே பல அட்டவணைகளில் போடுகிறார்கள். அவர்கள் செய்த குளறுபடியை நாம் ஏன் தலையில் சுமக்க வேண்டும்? அன்பர்களின் தகவை அங்கே வைத்துக்கொள்ளலாம். நான் கைதட்டத் தயார். ‘விழுக்காடு’ வேண்டும் என்பவர்களுக்கும் பதில் இதுவே. தலைக்கு விழும் பங்கு என்ற அழகான பொருள் அதற்கு இருந்தது. நாம்தான் அதை நூற்றுக்கு இத்தனை என்பதற்குள் அடைத்துவிட்டோம். இனிக் கதவைத் திறந்தால் குழப்பம்தான் வெளியே வரும்.

இலங்கைத் தமிழர்கள் இதில் நம்மைவிடத் தெளிவு. வட்டி வீதம், நாணய மாற்று வீதம், பிறப்பு வீதம், இறப்பு வீதம் என்று அங்கே நெடுங்காலமாக எழுதுகிறார்கள். என் கட்சிக்கு அது பெரிய பலம். ஆனால் அதே பத்திரிகைகளில் ‘20 வீதம் அதிகரிப்பு’ என்று சதவீதத்துக்கும் ஒற்றை வீதத்தையே போடுகிறார்கள். ‘இறப்பு வீதம் 20 வீதம் உயர்ந்தது’ என்ற வாக்கியத்தை நான் எப்படிக் காப்பாற்றுவேன்? சதவீதம் என்று முழுதாக எழுதுங்கள் என்று கெஞ்சுவதைத் தவிர வழி தெரியவில்லை.

சரி, ‘இளம் பெரியவர்கள்’. இதை எந்த எந்திரம் முதலில் துப்பியதோ, இப்போது மனிதர்களும் எழுதுகிறார்கள். தமிழில் பெரியவர் என்றால் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வழி கேட்டால் ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்று திருப்பிக் கேட்பார். அவருக்கு முன்னால் ‘இளம்’ போட்டால் தலைச்சாயம் பூசியவர் என்றுதான் படுகிறது. ‘இளம் வயது வந்தோர்’ என்பதோ எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் திணறவைக்கிறது. எண் கையில் இருக்கும்போது பெயர் எதற்கு? ‘25 முதல் 44 வயதினர்’ என்றால் முடிந்தது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஏனோ எண்ணைவிட அடைமொழியில்தான் ஆசை.

அந்த வரியை நான் இப்படித் திருத்தி அனுப்பினேன்: “2011-க்கு முந்தைய போக்கு தொடர்ந்திருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட, 2023-இல் அமெரிக்காவில் 25 முதல் 44 வயதினரின் இறப்பு வீதம் 70 சதவீதம் கூடுதலாக இருந்தது.” அச்சாகி வந்த இதழைப் பிரித்துப் பார்த்தேன். கூடுதல் என்ற சொல் தப்பியிருந்தது. அந்த அளவுக்கு மகிழ்ச்சி. ‘வீதம்’ எழுத்துப்பிழை என்று யாரோ மறுபடி ‘விகிதம்’ ஆக்கியிருந்தார்கள். ‘25 முதல் 44 வயதினர்’ என்பது நீளம் என்று ‘இளைஞர்கள்’ ஆகியிருந்தது. நாற்பத்து நான்கு வயதில் ஒருவர் இளைஞராக இருப்பது கட்சிகளின் இளைஞரணியில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.