பாட்டு ஓடியதா என்பது கேள்வியே இல்லை

தேசிய விருதுப் பட்டியல் வந்துவிட்டால் போதும், கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒலிப்பதிவு அறைகளில் இதே பேச்சுதான். "அந்தப் பாட்டு கோடிக்கணக்கில் ஓடியதே, அதற்கு இசையமைத்தவருக்கு ஏன் விருது தரவில்லை?" இசை படிக்கும் பிள்ளைகளே இப்படிக் கேட்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை நடுவர் குழு எண்ணுவதே இல்லை. பாட்டு ஓடுவதற்குக் கதாநாயகன், ஆடியோ நிறுவனத்தின் விளம்பரம், ரீல்ஸுக்குத் தோதான முப்பது நொடி என்று காரணங்கள் பல. நடுவர்கள் பார்ப்பது, அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை தணிக்கைச் சான்று பெற்று, முறையாக விண்ணப்பித்த படங்களை மட்டும். விண்ணப்பமே போகாத படத்தின் இசையமைப்பாளருக்காக நாம் இங்கே தொண்டை கிழியச் சண்டை போடுகிறோம்.

இன்னொன்று, பாட்டும் பின்னணி இசையும் ஒரே வேலை இல்லை. இசையமைப்புக்கான தேசிய விருது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தொடங்கியது; முதலில் பெற்றவர் 'கந்தன் கருணை'க்காகக் கே.வி.மகாதேவன். அப்போது இரண்டுக்கும் சேர்த்து ஒரே விருது. 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் பின்னணி இசைக்குத் தொடர்ந்து தனி விருது. அந்த முறை பெற்றவர் 'பழசிராஜா'வுக்காக இளையராஜா. 2017-க்கான இரண்டும் ஏ.ஆர்.ரஹ்மானுக்கே வந்தன. ஆனால் பாடல்களுக்கு 'காற்று வெளியிடை', பின்னணி இசைக்கு 'மாம்'. ஒரே ஆளுக்கே இரண்டு வேலைகளுக்கும் இரண்டு வேறு படங்கள்!

பின்னணி இசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் போனைக் கீழே வையுங்கள். போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகள் அநேகமாக எதுவும் வராது. வயலின் குடும்பத்தின் பெரிய வாத்தியமான டபுள் பாஸின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். தவிலின் தொப்பியில், அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப் பக்கத்தில், விழும் அடியின் கனமும் காணாமல் போகும். நல்ல ஹெட்போனில் ஒரு காட்சியை மூன்று முறை பாருங்கள். முதலில் அப்படியே, அடுத்து ஒலியை அணைத்து, கடைசியாகப் படத்தைப் பார்க்காமல் காதால் மட்டும். இசை எந்த நொடியில் நுழைகிறது, எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்திய இடம்தான் கைத்திறன் தெரியும் இடம். வசனத்தின் தெளிவு பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. அதே இடத்தில் வயலினை அடர்த்தியாக எழுதிவிட்டால் வசனத்தையும் இசையையும் சேர்க்கும் மிக்ஸிங்கில் இசையின் ஒலியைத்தான் குறைப்பார்கள். எழுதும்போதே வசனத்துக்கு வழிவிடத் தெரிந்தவரை அந்த மூன்றாம் கேட்பில் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, தகுதியானவருக்குத்தான் எப்போதும் கிடைக்கிறதா? இல்லை. எம்.எஸ்.விஸ்வநாதனுக்கு இசையமைப்புக்கான தேசிய விருது கடைசிவரை கிடைக்கவில்லை. அந்தக் குறை இன்றும் ஆறவில்லை. 1992-ஆம் ஆண்டுப் படங்களில் ரஹ்மானின் 'ரோஜா'வும் இளையராஜாவின் 'தேவர் மக'னும் சம வாக்கில் நின்றபோது, நடுவர் குழுத் தலைவர் பாலு மகேந்திராவின் வாக்குதான் 'ரோஜா'வுக்கு விருது தந்தது. அதனால் 'தேவர் மகன்' இசை மாற்றுக் குறைந்துவிட்டதா? ஆஸ்கரில் இன்னும் விநோதம். 'தி காட்ஃபாதர்' மெட்டின் ஒரு பகுதி பழைய படத்தில் வந்தது என்று அதன் இசையமைப்பாளர் நினோ ரோட்டாவின் பரிந்துரையை நீக்கினார்கள். அதே மெட்டு மறுபடி ஒலித்த இரண்டாம் பாகத்துக்கு விருது கொடுத்தார்கள்.

நடுவர்களுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. மெட்டு யாருடையது, வாத்திய அமைப்பை எழுதியது யார், கணினியில் ஒலிகளை அமைக்கும் புரோகிராமர் சேர்த்தது எவ்வளவு என்பது திரையில் தெரிவதில்லை. குறும்படத்துக்கு இசையமைக்கும் தம்பி தங்கைகளே, படத்தில் வரும் இசைத் துண்டுகளின் பட்டியலான க்யூ ஷீட்டை முதல் நாளே தொடங்குங்கள். துண்டின் எண், நுழையும் நேரம், முடியும் நேரம், எழுதியவர், வாசித்தவர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் வாசித்தவர் பெயர்தான் முதலில் விடுபடும்.

"நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், பிரிவுக்கு இவ்வளவு கட்டணம், கோப்பைக்குத் தனி" என்று பெயர் தெரியாத திரைவிழாவிலிருந்து மின்னஞ்சல் வந்தால் தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள். நடுவர் யார், எந்த அரங்கில் திரையிடுகிறீர்கள் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பணத்தில் ஒரு வயலின் கலைஞரை ஒரு கால்ஷீட்டுக்கு அழையுங்கள். வயலினுக்குப் பதிலாகக் கீபோர்டில் ஒட்டிவைத்த இசைத் துண்டை அவர் கையால் வாசிக்கவைத்து மறுபடி பதிவு செய்யுங்கள்.