கவுண்டி: மாவட்டம் என்று சொல்லிவிடலாமா?

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குக் கவுண்டி புதுச்சொல் இல்லை. வெங்கட்ராகவன் 1970களிலேயே டெர்பிஷயர் கவுண்டிக்கு ஆடியவர். அமெரிக்கச் செய்திகளைப் படிக்கிறவர்களும் இந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியாது. தேர்தல் முடிவு கவுண்டி வாரியாக வருகிறது, வெள்ளச் சேதம் கவுண்டி வாரியாக வருகிறது, வறுமைக் கணக்கும் அப்படியே. தமிழில் எழுதும்போது பெரும்பாலோர் 'மாவட்டம்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அளவைப் பார்த்தால் அது ஓரளவு பொருந்தும். ஆட்சி நடக்கும் விதத்தைப் பார்த்தால் பொருந்தாது.

சொல்லின் வேர் லத்தீன். 'கோமெஸ்' என்றால் உடன் செல்பவர், துணைவர். பேரரசருக்கு நெருக்கமாக இருந்தவர்களுக்கு இது பட்டமாக, அவர்களின் அதிகாரமும் ஆட்சிப் பகுதியும் 'கோமிடாட்டஸ்' ஆயின. பழைய பிரெஞ்சில் அது 'கோன்ட்டே' என்று சுருங்கியது. 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது சொல்லும் கடல் தாண்டியது. அங்கே ஏற்கெனவே 'ஷயர்' என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. யார்க்‌ஷயர், லங்காஷயர் எல்லாம் அதன் மிச்சம். ஷயரின் அரச அலுவலர் 'ஷயர் ரீவ்'. அதுவே திரிந்து ஷெரீஃப் ஆனது. சென்னையில் ஒருகாலத்தில் கௌரவப் பதவியாக இருந்த ஷெரீஃபும் இந்த வழியில் வந்தவர்தான்.

1634ல் வர்ஜீனியா குடியேற்றத்தை எட்டு ஷயர்களாகப் பிரித்தார்கள். பின்னர் கவுண்டி என்ற பெயரே நிலைத்தது. இன்று அமெரிக்காவில் கவுண்டிகளும் அவற்றுக்கு இணையான பிரிவுகளுமாகச் சுமார் 3,140 உள்ளன. லூசியானாவில் அதற்குப் பெயர் பாரிஷ், அலாஸ்காவில் பரோ. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். டெக்சஸின் லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்போது 64 பேர். இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

மேற்கு வர்ஜீனியாவின் தென்கோடியில் உள்ள மெக்டவல் கவுண்டியை எடுத்துக்கொண்டால் இந்தச் சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று தெரியும். 1858ல் உருவான இந்தக் கவுண்டி, தான் இருக்கும் மாநிலத்தைவிட மூத்தது. மேற்கு வர்ஜீனியா மாநிலம் பிறந்தது 1863ல்தான். கவுண்டியின் தலைநகர் வெல்ச். செங்குத்தான மலைகள், இடுக்குகளில் ஓடைகள், ஓடையை ஒட்டி ஒரு சாலை, சாலையை ஒட்டி வீடுகள். உழுவதற்குச் சமதரை அரிது. மண்ணுக்கடியில் இருந்ததோ உலகப் புகழ்பெற்ற போக்கஹாண்டஸ் நிலக்கரி.

ரயில் வந்தது, சுரங்கம் வந்தது, கம்பெனி கட்டிய ஊர்கள் வந்தன. தெற்கிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களும், இத்தாலியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் குடியேறியவர்களும் வந்து சேர்ந்தார்கள். முதல் உலகப் போரில் பணியாற்றிய கறுப்பின வீரர்களுக்காக 1928ல் கிம்பல் என்ற ஊரில் எழுப்பிய நினைவுக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1950ல் மக்கள்தொகை 98,887. பிறகு கரியை வெட்ட இயந்திரங்கள் இறங்கின. நூறு பேர் செய்த வேலைக்குச் சிலர் போதும் என்றாயிற்று. 1970ல் 50,666. 1980களில் இந்தக் கரியை வாங்கிய இரும்பாலைகள் தள்ளாடியபோது கேரி ஊரின் பெரிய சுரங்கங்கள் மூடப்பட்டன, 1990ல் 35,233. 2020ல் 19,111. கணக்கெடுப்பில் சிறைக் கைதிகளும் சேர்த்தி என்பதால், இந்த எண்ணிலும் 2010ல் திறந்த மத்திய அரசுச் சிறையின் கைதிகள் அடக்கம். பெரம்பலூர் மாவட்டத்தில்கூட 2011ல் 5,65,223 பேர் இருந்தார்கள் என்பதை நினைத்தால், 'மாவட்டம்' என்ற சொல் நம் மனத்தில் எழுப்பும் அளவே மாறிவிடுகிறது.

ஆனாலும் அளவு இங்கே இரண்டாம் பட்சம். நம் மாவட்டத்துக்கு ஆட்சியர் உண்டு. அவரை அரசு அனுப்புகிறது, அரசே மாற்றுகிறது. பணமும் பெரும்பாலும் மேலிருந்து இறங்கி வருகிறது. மெக்டவலில் ஆட்சியர் என்று எவரும் இல்லை. மூன்று பேர் கொண்ட ஆணையத்தை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஷெரீஃப், சொத்து மதிப்பீட்டாளர், அரசு வழக்குரைஞர், பதிவு எழுத்தர் எல்லோரும் தேர்தலில் நின்று வருகிறவர்கள். மேற்கு வர்ஜீனியாவில் ஷெரீஃபே கவுண்டியின் பொருளாளரும்கூட. துப்பாக்கியும் நட்சத்திர வில்லையுமாக நாம் கற்பனை செய்யும் அந்த ஆளின் அலுவலகத்தில்தான் வீட்டுவரியும் கட்ட வேண்டும்.

அந்த வரிதான் விஷயம். கவுண்டியின் வருமானத்தில் சொத்து வரிக்குப் பெரிய இடம். நிலக்கரி வெட்டியெடுப்புக்கு மாநிலம் விதிக்கும் வரியிலும் ஒரு பங்கு வரும். சுரங்கம் மூடினால் இரண்டும் சேர்ந்து சரியும். வீடுகள் காலியாகும், மதிப்பு விழும், வரி குறையும். ஆனால் மலைச்சாலை ஓரத்தில் ஆம்புலன்ஸ் போக வேண்டிய தூரம் குறையாது. 2016 ஜனவரியில் கிம்பலில் இருந்த வால்மார்ட் கடை மூடப்பட்டபோது நூற்றுக்கு மேற்பட்டோருக்கு வேலை போனது. அந்தக் கடையிலிருந்து உணவு வங்கிக்குப் போய்க்கொண்டிருந்த உணவும் நின்றது. பள்ளிகளும் கவுண்டி அளவிலான வாரியத்தின் கையில்தான். நிலைமை மோசமாகி 2001ல் மாநிலம் அவற்றை எடுத்துக்கொண்டது, 2013ல்தான் திருப்பித் தந்தது. கென்னடி காலத்தில் உணவுக் கூப்பன் திட்டத்தைச் சோதனையாக மீண்டும் தொடங்கியபோது, 1961 மே 29 அன்று முதல் கூப்பன்கள் விற்கப்பட்டது வெல்ச் நகரில். அன்றும் வறுமை, இன்றும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. 2010 வாக்கில் இங்கே ஆண்களின் சராசரி ஆயுள் சுமார் 64தான். சுமார் முப்பது ஆண்டுகளாக மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் ஏழைகளாகவே இருந்தால், அதை நீடித்த வறுமைக் கவுண்டி என்று அமெரிக்க அரசு வகைப்படுத்துகிறது. மெக்டவல் அதில் ஒன்று.

இதோடு ஒட்டிவரும் இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். 'கிராமப்புறக் கவுண்டி' என்றால் நமக்கு வயலும் வாய்க்காலும் கண்முன் வரும். அமெரிக்கப் புள்ளிவிவரத்தில் பெருநகரப் பகுதி என்பது 50,000 பேருக்குக் குறையாத நகரம் உள்ள கவுண்டியும், வேலைக்குப் போய்வருவதால் அதோடு பிணைந்த கவுண்டிகளும். மீதியெல்லாம் பெருநகரம் சாராதவை. பேச்சுவழக்கில் அவற்றைத்தான் 'ரூரல்' என்கிறார்கள். விவசாயம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆகவே 'ஊரகக் கவுண்டி' என்பதே நல்லது. நம் ஊரக வளர்ச்சித் துறையால் பழகிய சொல்தான்.

அப்படியானால் கவுண்டிக்கு எது சரியான தமிழ்? ஜில்லாவை மாவட்டம் என்றும் தாலுகாவை வட்டம் என்றும் ஆக்கியது நல்ல வேலை. வட்டம் என்றால் வட்டாட்சியர் வந்துவிடுவார். தொண்டைமண்டலத்தில் 24 கோட்டங்கள் இருந்தன. ஆனால் இன்று கோட்டம் வருவாய்த்துறைக்கும் மின்வாரியத்துக்கும் போய்விட்டது. பொருளில் மிக நெருங்கி வருவது சோழர் காலத்து 'நாடு'. பல ஊர்கள் சேர்ந்த பகுதி, அங்கே நாட்டார் கூடி வரி விவகாரங்களைப் பேசி முடித்தார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் 'மெக்டவல் நாடு' என்று எழுதினால் தனித் தேசம் என்றே படிப்பார்கள்.

என் பரிந்துரை இதுதான். இடத்தைச் சுட்ட மட்டும் வேண்டுமானால், 'புயல் மூன்று மாவட்டங்களைத் தாக்கியது' என்பதுபோல, மாவட்டம் போதும். வரி, தேர்தல், ஷெரீஃப், பள்ளி வாரியம் என்று பேச்சு போனால் 'கவுண்டி' என்றே எழுதி, முதல் முறை வரும்போது 'தானே வரி விதித்துத் தானே ஆளும் மாவட்டம்' என்று ஒரு தொடரைச் சேர்த்துவிடலாம். பெயரோடு வரும்போது மெக்டவல் கவுண்டி, லவிங் கவுண்டி. லூசியானாவைப் பற்றி என்றால் பாரிஷ்தான். அங்கே கவுண்டி என்று எழுதினால் தவறு.